வெள்ளைக் கரிசாலை, மஞ்சள் கரிசாலை, அவற்றின் போலிகள்: சென்னையில் இனம்பிரித்து வகைப்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையில் "மஞ்சள் கரிசலாங்கண்ணி" என்று கேட்டால் நர்சரியில் எடுத்துக் கொடுக்கும் தொட்டிச் செடி பல நேரம் மஞ்சள் கரிசலாங்கண்ணியே அல்ல. சாலை நடுவிலும் அடுக்குமாடி வாசலிலும் தரைமூடியாகப் படரும் சிங்கப்பூர் டெய்சி அது. இரண்டுக்கும் மஞ்சள் பூ, இரண்டும் தரையில் ஓடும், இரண்டும் கணுவுக்குக் கணு வேர் விடும். பூவை மட்டும் பார்த்தால் ஏமாறத்தான் வேண்டும்.

அதனால் இந்த வழிகாட்டியின் ஒரே பிடிவாதம் இதுதான்: பூவின் நிறத்தைக் கடைசியில் பாருங்கள். இலை எப்படி ஒட்டியிருக்கிறது, பூத்தலைக்குள் என்ன இருக்கிறது, விதையின் உச்சியில் என்ன இருக்கிறது என்ற வரிசையில் போனால், பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்றே போதும்.

எந்தச் செடிகள்

சூரியகாந்திக் குடும்பமான ஆஸ்டரேசியே 24,000-க்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்டது. அதை முழுவதும் எடுத்துக்கொண்டால் ஆயுள் போதாது. இங்கே எடுத்துக்கொள்வது கரிசலாங்கண்ணியைச் சுற்றியுள்ள சிறு கூட்டத்தை மட்டும்.

வெள்ளைக் கரிசலாங்கண்ணி (சுருக்கமாக வெள்ளைக் கரிசாலை), அதாவது எக்லிப்டா புரோஸ்ட்ராட்டா. ஏரிக்கரை, வயல் வரப்பு, சாக்கடை ஓரம் என ஈரம் நிற்கும் இடமெல்லாம் வரும்.

மஞ்சள் கரிசலாங்கண்ணி, அதாவது ஸ்ஃபாக்னெட்டிகோலா காலெண்டுலேசியா. பழைய நூல்களில் வெடேலியா. சென்னையில் தானாக முளைத்து நிற்பதைவிடக் கீரைப் பாத்தியிலும் மூலிகைத் தொட்டியிலும் பார்ப்பதே எளிது.

சிங்கப்பூர் டெய்சி, அதாவது ஸ்ஃபாக்னெட்டிகோலா டிரைலோபாட்டா. பெயரில்தான் சிங்கப்பூர், பிறப்பிடம் மெக்சிகோ முதல் கரீபியன், வெப்பமண்டலத் தென் அமெரிக்கா வரை. உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் இனங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கமான ஐயூசிஎன் சார்பில் வெளியான பட்டியலில் இதுவும் உண்டு.

வெட்டுக்காயப் பூண்டு, தாத்தாப் பூ என்றெல்லாம் அழைக்கப்படும் டிரைடாக்ஸ் புரோகம்பென்ஸ். ரயில் பாதை ஓரம், காலி மனை, மொட்டைமாடி விரிசல் எதையும் விடாது. இதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததே.

சினெட்ரெல்லா நோடிஃப்ளோரா. பூங்காக்களில் மரநிழலில் முளைக்கும் களை. தமிழில் எல்லோரும் ஒப்பும் பெயர் இதற்கு இல்லை.

இவற்றோடு பார்த்தீனியத்தையும் அறிந்திருக்க வேண்டும். உருவத்தில் அது இந்தக் கூட்டத்தோடு ஒட்டாது. ஆனால் சின்ன வெள்ளைப் பூவைக் கண்டு வெள்ளைக் கரிசாலை என்று யாராவது பறித்துவிட்டால், தோலில் அரிப்பும் தடிப்பும் வரக்கூடும்.

கையில் வேண்டியவை

10 மடங்கு கைலென்ஸ், மில்லிமீட்டர் குறித்த ஸ்கேல், இரண்டு தையல் ஊசி, ஒரு புதிய பிளேடு, ஒரு வெள்ளைத் தாள், ஒரு கறுப்புத் தாள், பென்சில். கறுப்புத் தாள் ஏன் என்றால், வெள்ளைக் கரிசாலையின் சிறுமலர்களும் டிரைடாக்ஸின் விதை மயிரும் வெள்ளைத் தாளில் கண்ணுக்குத் தெரியவே மாட்டா. பால்பாயின்ட் பேனா வேண்டாம். ஈரம் பட்டால் குறிப்பு ஊறிப்போகும். பென்சில் எழுத்து எத்தனை மழையையும் தாங்கும்.

லென்ஸை எப்படிப் பிடிப்பது என்பதில்தான் புதியவர்கள் பாதிப் பேர் தோற்கிறார்கள். லென்ஸைப் பூவின் மேல் வைத்துத் தூரத்திலிருந்து பார்க்கக் கூடாது. கண்ணோடு ஒட்டி லென்ஸை வையுங்கள். பிறகு பூவை லென்ஸுக்கு அருகில், ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் வரை கொண்டுவாருங்கள். முகம் வெளிச்சத்தைப் பார்த்து இருக்கட்டும்.

பருவத்தைப் பொறுத்தவரை, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரிலிருந்து ஜனவரி வரை எல்லாம் ஒரே சமயத்தில் பூவும் விதையுமாகக் கிடைக்கும். ஈரம் இருந்தால் வெள்ளைக் கரிசாலை ஆண்டு முழுக்கப் பூக்கும். டிரைடாக்ஸுக்குப் பருவமே கிடையாது.

பறிப்பது எங்கே என்பதும் முக்கியம். கிண்டி தேசியப் பூங்காவிலும் பள்ளிக்கரணை சதுப்புநிலத்திலும் வனத்துறை அனுமதியின்றி ஒரு கிளையைக்கூட ஒடிக்க முடியாது. பள்ளிக்கரணை 2022 முதல் ராம்சார் தலமும்கூட, அதாவது உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம். அங்கெல்லாம் படம் எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பயிற்சிக்குத் தெருவோரமும் காலி மனையும் தாராளமாகப் போதும்.

படி 1: குடும்பத்தை உறுதிசெய்தல்

ஒரு பூ என்று நாம் சொல்வது இந்தக் குடும்பத்தில் ஒரு பூ அல்ல, பூக்களின் கூட்டம். இதற்குத் தலைமஞ்சரி என்று பெயர். வெளி வட்டத்தில் இதழ் போல நீண்டிருப்பவை கதிர்ச் சிறுமலர்கள், நடுவில் நெருக்கமாக நிற்பவை வட்டுச் சிறுமலர்கள். எல்லாவற்றையும் கீழிருந்து பச்சைப் பூவடிச் செதில்கள் தாங்கி நிற்கும்.

சரிபார்க்க வேண்டியவை மூன்று. வட்டுச் சிறுமலர் ஒன்றை ஊசியால் பெயர்த்தெடுத்து நீளவாக்கில் கிழியுங்கள். மகரந்தப் பைகள் ஓரங்களில் ஒன்றோடொன்று ஒட்டிக் குழாய் போல் இருக்க வேண்டும். அந்தக் குழாயின் நடுவே சூல்தண்டு மேலேறும், அதன் உச்சி இரண்டாகப் பிளந்திருக்கும். சூலகம் இதழ்க் குழாய்க்குக் கீழே இருக்க வேண்டும். அதற்குள் ஒரே ஒரு சூல், அடியில் ஒட்டியபடி. இந்த மூன்றும் பொருந்தினால் குடும்பம் முடிந்தது.

படி 2: பால் வருகிறதா, இலை எதிரெதிரா

தண்டை ஒடியுங்கள். வெள்ளைப் பால் கசிந்து, தலைமஞ்சரி முழுவதும் பட்டை வடிவச் சிறுமலர்களாகவே இருந்தால் அது வேறு கிளை. பெசன்ட் நகர் போன்ற கடற்கரை மணலில் ஓடும் லானியா அந்த வகை. மஞ்சள் பூ என்பதால் சிலர் அதையும் இந்தப் பட்டியலில் இழுத்து வருவார்கள், ஒதுக்கிவிடுங்கள்.

பால் இல்லையென்றால் இலை அமைவைப் பாருங்கள். நம் ஐந்து செடிகளிலும் இலைகள் எதிரெதிராக, ஒரு கணுவுக்கு இரண்டாக இருக்கும். பார்த்தீனியத்தில் மாற்றிலை, அதாவது கணுவுக்கு ஒன்றாக, அதுவும் ஆழமாகப் பலமுறை பிளந்து கேரட் இலையை நினைவூட்டும். நுனிப் பகுதியை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். பூக்கும் கிளைகளின் உச்சியில் எதிரிலைகளும் விலகி நிற்பதுண்டு. தண்டின் நடுப்பகுதியில் மூன்று நான்கு கணுக்களைச் சரிபார்த்த பிறகே எழுதுங்கள்.

படி 3: இலையும் பூக்காம்பும்

சிங்கப்பூர் டெய்சியைப் பிரித்தெடுக்க இந்தப் படியே போதும். அதன் இலை தடித்து, மேலே பளபளப்பாக, நடு மடலோடு பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மடல் விட்டு மூன்று பிரிவாக இருக்கும். முதிர்ந்த இலையின் அகலம் பெரும்பாலும் 2 முதல் 5 செ.மீ. மஞ்சள் கரிசாலை இலை ஒல்லி. 2 முதல் 7 செ.மீ. நீளம், அகலம் பெரும்பாலும் ஒன்றரை செ.மீ.க்குள். விளிம்பு மழுங்கலாகவோ, ஒன்றிரண்டு ஜோடி மேலோட்டமான பற்களுடனோ இருக்கும். மடல் விடவே விடாது. இரு பக்கமும் படிந்த சொரசொரப்பான மயிர் உண்டு. நுனியிலிருந்து அடி நோக்கி விரலால் தடவினால் உப்புத்தாள் போல் இழுக்கும்.

இங்கே ஒரு பொறி உண்டு. நிழலில் வளரும் சிங்கப்பூர் டெய்சியும் அதன் இளந்தளிரும் மடலே இல்லாத இலைகளை விடும். தொட்டியில் வைத்திருக்கும் சிறு துண்டில் மூன்று மடல் தெரியவில்லை என்பதற்காக மஞ்சள் கரிசாலை என்று எழுதிவிடக் கூடாது. குறைந்தது 30 செ.மீ. ஓடிய, வெயில் பட்ட கொடியின் நடு இலைகளைப் பாருங்கள். ஒரு கொடியில் பத்து இலை எண்ணினால் சில இலைகளாவது மடலைக் காட்டிக்கொடுக்கும்.

வெள்ளைக் கரிசாலையின் இலை ஈட்டி வடிவம், காம்பு இல்லாததுபோல் தண்டோடு அமர்ந்திருக்கும். டிரைடாக்ஸின் இலை அகன்று, ஓரம் கரடுமுரடாக வெட்டுப்பட்டு, தண்டெங்கும் நீண்ட வெள்ளை மயிர் நிற்கும். சினெட்ரெல்லாவுக்குத் தெளிவான இலைக்காம்பு, முட்டை வடிவ இலை.

பூக்காம்பை அளந்துவிடுங்கள். டிரைடாக்ஸில் 10 முதல் 30 செ.மீ. வரை தனியாக நீண்டு நிற்கும், அதில் ஒரே ஒரு தலை. சினெட்ரெல்லாவில் காம்பு இருக்காது. தலைகள் இலைக்கக்கத்திலேயே, அதாவது இலையும் தண்டும் சேரும் மூலையிலேயே, ஒட்டிக் கிடக்கும். வெள்ளைக் கரிசாலையில் 2 முதல் 4 செ.மீ. இரு ஸ்ஃபாக்னெட்டிகோலாக்களிலும் காம்பு அதைவிட நீளம், தனித் தலை. ஆகவே காம்பு நீளத்தை வைத்து அவ்விரண்டையும் பிரிக்க முயல வேண்டாம்.

படி 4: தலையைப் பிரித்துப் பார்த்தல்

நிதானமாகச் செய்ய வேண்டிய படி இது. வெள்ளைக் கரிசாலையிலிருந்து தொடங்குங்கள், பழகிக்கொள்ள அது நல்லது. மொத்தத் தலையே 6 முதல் 10 மி.மீ. அகலம்தான். பிளேடால் மேலிருந்து காம்பு வரை நேராக இரண்டாக வெட்டி, ஒரு பாதியைக் கறுப்புத் தாளில் வெட்டு முகம் மேலாக வையுங்கள்.

வெளிப்புறத்தில் பச்சைப் பூவடிச் செதில்கள் இரண்டு அடுக்கு. அதற்கு உள்ளே கதிர்ச் சிறுமலர்கள், இரண்டு வரிசையில், ஒவ்வொன்றும் 2 முதல் 3 மி.மீ. நீளமுள்ள வெள்ளை நூல்துண்டு. கண்ணால் பார்க்கும்போது வெறும் வெள்ளை விளிம்பாகத் தெரிவது லென்ஸில் எண்ணற்ற நாக்குகளாக விரியும். நடுவில் வெள்ளை வட்டுச் சிறுமலர்கள். ஒன்றை ஊசியால் தனியே தள்ளி, மேலிருந்து வாயைப் பாருங்கள்: பெரும்பாலும் நான்கு பற்கள். இந்த நான்குதான் பெரிய சான்று. இரு ஸ்ஃபாக்னெட்டிகோலாக்களிலும் டிரைடாக்ஸிலும் ஐந்து பற்கள். வெள்ளைக் கரிசாலையிலும் அபூர்வமாக ஐந்து வரும் என்பதால் ஒன்றை மட்டும் எண்ணி நிறுத்தாதீர்கள். ஐந்தாறு சிறுமலர் எண்ணுங்கள். சினெட்ரெல்லாவிலும் நான்குதான், ஆனால் அதன் தலை மஞ்சள், காம்பில்லாதது. குழப்பமே வராது.

இனி சிறுமலர்களுக்கு இடையே கவனியுங்கள். பூத்தட்டில், அதாவது சிறுமலர்கள் அமர்ந்திருக்கும் அடித்தளத்தில், ஒவ்வொரு சிறுமலருக்கும் பக்கத்தில் ஒரு செதில் நிற்கும். வெள்ளைக் கரிசாலையில் அது மயிர் போல மெலிந்த ஒரு இழை மட்டுமே. மஞ்சள் கரிசாலையிலும் சிங்கப்பூர் டெய்சியிலும் அதே செதில் அகன்று மடிந்து, படகு போலச் சிறுமலரை அணைத்துக்கொள்ளும். வெள்ளையையும் மஞ்சளையும் வேறு வேறு பேரினத்தில் வைப்பதற்கு நிறத்தைவிட உறுதியான காரணங்களில் இது ஒன்று.

மஞ்சள் கரிசாலைத் தலை 2 முதல் 2.5 செ.மீ. அகலம் இருக்கும், கதிர்கள் ஒரே வரிசை, நுனி இரண்டு மூன்றாக வெட்டுப்பட்டிருக்கும். வெளிப் பூவடிச் செதில்கள் இலை போலவே பச்சையாக நீண்டிருக்கும். சிங்கப்பூர் டெய்சித் தலை 3 செ.மீ.யைத் தாண்டலாம், நிறமும் கொஞ்சம் ஆரஞ்சுப் பக்கம் சாயும். கதிர் எண்ணிக்கை இரண்டிலும் எட்டிலிருந்து பன்னிரண்டு, பதிமூன்று வரை ஒன்றன் மேல் ஒன்றாக விழுவதால் அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

டிரைடாக்ஸில் கதிர் பெரும்பாலும் ஐந்து, மூன்றிலிருந்து ஆறு வரை போகும். வெளிர் மஞ்சள் அல்லது கிரீம் நிறம், ஒவ்வொன்றின் நுனியிலும் மூன்று பல். வட்டு மட்டும் நல்ல மஞ்சள்.

படி 5: விதை

நாம் விதை என்பது உண்மையில் கனி. பாடநூல்கள் சிப்செலா என்கின்றன. உச்சியில் மயிரோ செதிலோ இருந்தால் அதற்குப் பாப்பஸ் என்று பெயர். முற்றிய, பழுப்பேறிய தலையிலிருந்துதான் எடுக்க வேண்டும். பச்சையான தலையில் எதுவும் தெரியாது, தெரிந்தாலும் பொய் சொல்லும். கதிர்கள் உதிர்ந்த பிறகு வெள்ளைக் கரிசாலைத் தலை பச்சைச் சட்டைப் பொத்தான் போல் கெட்டியாகும். அது கறுக்கும்வரை பொறுங்கள்.

வெள்ளைக் கரிசாலையின் கனி 3 மி.மீ.க்குள், மேலெல்லாம் மரு. வெளிவரிசைக் கனி முப்பட்டையாக, உள்வரிசைக் கனி தட்டையாக இருக்கும். உச்சியில் பாப்பஸ் இல்லை, அல்லது பெயருக்கு ஒன்றிரண்டு பல். ஸ்ஃபாக்னெட்டிகோலாக்களில் உச்சியில் ஓரம் கிழிந்த குட்டிக் கிண்ணம் ஒன்று தெரியும். சிங்கப்பூர் டெய்சி நட்ட இடத்தில் விதை கட்டுவது குறைவு, ஆகவே கனி கிடைக்கவில்லை என்று தேடி அலைய வேண்டாம். அது பெரும்பாலும் ஒடிந்த தண்டுத் துண்டுகளால் பரவுகிறது.

டிரைடாக்ஸில் சுமார் 20 இறகு மயிர்கள் சுற்றி நிற்கும், கனியை விட நீளமாக. ஊதினால் பறக்கும். லென்ஸில் ஒவ்வொரு மயிரிலும் பக்கவாட்டில் மெல்லிய கிளை மயிர் தெரிய வேண்டும். சினெட்ரெல்லா வேடிக்கையானது: ஒரே தலையில் இரண்டு வகைக் கனி. கதிர்க் கனிக்குக் கிழிந்த ஓரமுள்ள இறக்கை, வட்டுக் கனிக்கு இரண்டு விறைத்த முள். துணியில் அது குத்திக்கொண்டு வருவதை வைத்தே சிலர் அடையாளம் சொல்லிவிடுவார்கள்.

ஐந்து படிகளையும் சுருக்கிய திறவுகோல்

ஒவ்வொரு எண்ணிலும் இரண்டு தேர்வு. பொருந்துவதைப் பிடித்து அடுத்த எண்ணுக்குப் போங்கள்.

1. இலை மாற்றிலை, ஆழமாகப் பிளந்தது. தலை 5 மி.மீ.க்கு மேல் போகாது, ஐந்தே ஐந்து குட்டி வெள்ளைக் கதிர்: பார்த்தீனியம். தொடாதீர்கள்.
 இலை எதிரிலை: 2-க்கு.
2. கனியில் இறகு மயிர், பூக்காம்பு 10 செ.மீ.க்கு மேல்: டிரைடாக்ஸ்.
 இறகு மயிர் இல்லை: 3-க்கு.
3. தலைகள் இலைக்கக்கத்தில் காம்பின்றி. வட்டுக் கனியில் இரண்டு முள்: சினெட்ரெல்லா.
 தலைகள் காம்புள்ளவை: 4-க்கு.
4. வட்டுச் சிறுமலர் பெரும்பாலும் நான்கு பல், வெள்ளை. தட்டுச் செதில் இழை போன்றது: வெள்ளைக் கரிசலாங்கண்ணி.
 வட்டுச் சிறுமலர் ஐந்து பல், மஞ்சள். தட்டுச் செதில் படகு போன்றது: 5-க்கு.
5. இலை தடித்துப் பளபளப்பானது, முதிர்ந்த இலைகளில் சில மூன்று மடல்: சிங்கப்பூர் டெய்சி.
 இலை ஒல்லி, சொரசொரப்பு, மடலே இல்லை, காம்பு இல்லாததுபோல் அமர்ந்தது: மஞ்சள் கரிசலாங்கண்ணி.

கடலோரப் புதரில் ஏறிப் படரும், நீண்ட காம்புள்ள அகன்ற இலையோடு மஞ்சள் பூ பூக்கும் செடி ஒன்று இந்தத் திறவுகோலில் ஐந்தாம் எண்ணில் வந்து சிக்கி நிற்கும். அது வோல்லாஸ்டோனியா பைஃப்ளோரா. முன்பு அதையும் வெடேலியா என்றே எழுதினார்கள். இலைக்காம்பு ஒரு செ.மீ.க்கு மேல் தெளிவாக இருந்தால் அதை எண்ணிப் பாருங்கள்.

கறுக்கும் சாற்றை நம்பலாமா

வெள்ளைக் கரிசாலை இலையைக் கசக்கி உள்ளங்கையில் தேய்த்தால் சில நிமிடங்களில் கரும்பச்சையாகி அப்படியே கறுக்கும். நல்ல சோதனைதான், ஆனால் துணைச் சான்று மட்டுமே. வாடிய இலையிலும் மழையில் ஊறிய இலையிலும் நிறமாற்றம் மெதுவாக வரும். சாறு கறுத்தது என்பதற்காகப் பூத்தலையைப் பார்க்காமல் விடுவது சரியல்ல.

இன்னொரு தவறு, செடி நிற்கும் விதத்தை வைத்துப் பிரிப்பது. மிதிபடும் பாதையில் வெள்ளைக் கரிசாலை தரையோடு தவழும். உரமும் நீரும் உள்ள வரப்பில் அரை மீட்டர் நிமிர்ந்து நிற்கும். இரண்டும் ஒன்றேதான்.

எந்தப் பெயரை எழுதுவது, ஏன்

செடிகளுக்கு இருசொல் பெயர் முறையை நிலைநிறுத்திய லின்னேயஸே 1753-இல் வெள்ளைக் கரிசாலைக்கு இரண்டு பெயர் வைத்தார்: வெர்பெசினா ஆல்பா, வெர்பெசினா புரோஸ்ட்ராட்டா. பிறகு எக்லிப்டா என்ற பேரினம் உருவானபோது 1771-இல் அவரே எக்லிப்டா புரோஸ்ட்ராட்டா என்று மாற்றினார். ஹாஸ்கார்ல் 1848-இல் எக்லிப்டா ஆல்பா என்றார். இரண்டும் ஒரே செடி என்று இன்று யாரும் சந்தேகப்படுவதில்லை. ஏற்கப்பட்ட பெயர் எக்லிப்டா புரோஸ்ட்ராட்டா. மருந்துப் பொட்டலங்களிலும் பழைய நூல்களிலும் எக்லிப்டா ஆல்பா என்று கண்டால் வேறு செடி என்று பதற வேண்டாம்.

மஞ்சள் கரிசாலையின் கதை இன்னும் சிக்கல், ஆனால் பெயரிடும் விதிகள் எப்படி வேலை செய்கின்றன என்று கற்க இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. அதே 1753-இல் அதே நூலில் லின்னேயஸ் இதையும் வெர்பெசினாவில்தான் வைத்தார், வெர்பெசினா காலெண்டுலேசியா என்று. லெஸ்ஸிங் 1832-இல் இதை வெடேலியாவுக்கு மாற்றி வெடேலியா காலெண்டுலேசியா என்றார். ஆனால் 1807-லேயே ரிச்சர்ட் வேறொரு செடிக்கு அதே பெயரைச் சூட்டிவிட்டார். ஒரு பேரினத்துக்குள் இரண்டு இனங்களுக்கு ஒரே பெயர் இருக்க முடியாது, பின்னால் வந்தது செல்லாது. ஆகவே ஆஸ்பெக் 1757-இல் சொலிடாகோ சைனென்சிஸ் என்று வைத்த பெயரின் இரண்டாம் சொல்லை, அதாவது அடைமொழியை, தேடி எடுத்து, மெரில் 1917-இல் வெடேலியா சைனென்சிஸ் ஆக்கினார்.

பிறகு 1996-இல் புருஸ்கி இந்தச் செடியையும் சிங்கப்பூர் டெய்சியையும் வெடேலியாவிலிருந்து ஸ்ஃபாக்னெட்டிகோலாவுக்கு மாற்றினார். அந்தப் பேரினத்தை 1900-இல் ஹாஃப்மன் நிறுவியிருந்தார். புதிய பேரினத்தில் காலெண்டுலேசியா என்ற பெயர் யாருக்கும் சொந்தமாக இல்லை. தடை நீங்கியதால் 1753-இன் பழைய அடைமொழி முன்னுரிமை பெற்றுத் திரும்பியது. எனவே வெடேலியா சைனென்சிஸ் என்று ஒருவரும் ஸ்ஃபாக்னெட்டிகோலா காலெண்டுலேசியா என்று ஒருவரும் சொன்னால் இருவரும் ஒரே கீரையைத்தான் சொல்கிறார்கள். வெடேலியா டிரைலோபாட்டா, ஸ்ஃபாக்னெட்டிகோலா டிரைலோபாட்டா என்பதும் அப்படியே.

பேரினத்துக்கு மேலே போனால், கசினி 19-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சூல்தண்டு, மகரந்தப் பை அமைப்பை வைத்து இந்தக் குடும்பத்தைக் குலங்களாகப் பிரித்தார். பென்தம் 1873-இல் அதைப் பதின்மூன்று குலங்களாக ஒழுங்குபடுத்தினார். அந்தக் கணக்கில் நம் செடிகள் அத்தனையும் சூரியகாந்திக் குலமான ஹீலியாந்தியேயில் அடங்கும். டிஎன்ஏ ஆய்வுகளுக்குப் பின் அந்தப் பெரிய குலம் பல துண்டாகியிருக்கிறது. இன்றைய இடம் இப்படி: எக்லிப்டா, ஸ்ஃபாக்னெட்டிகோலா, சினெட்ரெல்லா மூன்றும் ஹீலியாந்தியே குலத்தில், எக்லிப்டினே துணைக்குலத்தில். பார்த்தீனியம் அதே குலம், ஆனால் அம்ப்ரோசினே துணைக்குலம். டிரைடாக்ஸ் தனியாகப் பிரிந்து மில்லெரியே குலத்துக்குப் போய்விட்டது. தெருவோரத்தில் மஞ்சள் கரிசாலையின் தங்கை போலத் தெரியும் டிரைடாக்ஸ் தூரத்து உறவு. உருவத்தில் சம்பந்தமே இல்லாத பார்த்தீனியம் அதைவிட நெருக்கம்.

தாளில் ஏற்றுவது

அடையாளத்துக்குச் சான்று வேண்டுமென்றால் உலர்மாதிரி செய்துவையுங்கள். வேர், ஒரு முழுக் கொடித்துண்டு, பூ, கனி நான்கும் இருக்க வேண்டும். இந்தியாவில் வழக்கமான தாள் அளவு 42 × 28 செ.மீ. அதைவிட நீளமான கொடியை ஆங்கில 'என்' எழுத்துப் போல மடித்து வையுங்கள். ஒரு இலையைத் திருப்பி அடிப்பக்கம் தெரிய வைக்க மறக்காதீர்கள்.

செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்துக் கனமான பலகையால் அழுத்த வேண்டும். கோடையில் தாளை நாளுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். அக்டோபர், நவம்பரில் சென்னைக் காற்றின் ஈரத்தில் முதல் மூன்று நாள் காலை மாலை இரண்டு முறை மாற்றி, அழுத்தியை மின்விசிறிக்கு அடியில் வையுங்கள். சோம்பினால் தலைமஞ்சரி பூஞ்சை பிடித்துக் கறுத்துவிடும். பூத்தட்டு தடித்திருப்பதால் முதலில் கெடுவது அதுவே. தடித்த தலைகளில் ஒன்றிரண்டைப் பாதியாக வெட்டி வைத்தால் சீக்கிரம் காயும், உள்ளமைப்பும் பின்னால் வருபவருக்குத் தெரியும்.

சிங்கப்பூர் டெய்சிக்கு ஒரு தனி ஏற்பாடு தேவை. சதைப்பற்றால் அது அழுத்தியிலேயே நாட்கணக்கில் உயிரோடிருந்து இலையை உதிர்க்கும். பூவை விட்டுவிட்டுக் கொடியைச் சில நொடி கொதிநீரில் முக்கி, துணியில் ஒற்றி எடுத்து, பிறகு அழுத்துங்கள்.

மஞ்சள் காய்ந்தால் வெளுக்கும், டிரைடாக்ஸின் கிரீம் கதிர் வெள்ளையாகவே தெரியும். எனவே பூ நிறத்தைப் பறித்த இடத்திலேயே எழுதுங்கள். சீட்டில் இடம், தேதி, நிலத்தின் தன்மை, செடியின் உயரம் அல்லது கொடியின் நீளம், பூ நிறம், பறித்தவர் பெயர், வரிசை எண். "சென்னை" என்று மட்டும் எழுதிய சீட்டால் யாருக்கும் பயனில்லை. "கோட்டூர்புரம், அடையாற்றுக் கரை, சேற்று மண், முழு வெயில்" என்று எழுதினால் இருபது ஆண்டு கழித்தும் ஒருவர் போய்த் தேடலாம்.

பூச்சிக்குப் பாதரச உப்புப் பூசுவது பழைய முறை, வீட்டில் கூடவே கூடாது. நன்றாகக் காய்ந்த மாதிரியைப் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் மூடி உறைபெட்டியில் ஒரு வாரத்துக்குக் குறையாமல் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல், அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறக்கவும். இல்லாவிட்டால் நீர் படிந்து எல்லாம் வீண். தாளில் ஒட்டப் பசையும் பருத்தி நூலும் மட்டும். செல்லோடேப் சில ஆண்டில் மஞ்சளித்துக் கழன்றுவிடும்.

காய்ந்த பழைய மாதிரியைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தால், ஒரு தலையை வெந்நீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து பத்து நிமிடம் ஊறவிடுங்கள். சிறுமலர்கள் உயிர்த்து விரியும். நான்கா ஐந்தா என்று அப்போதும் எண்ணலாம். தீராத ஐயமென்றால் நகரத்துக் கல்லூரித் தாவரவியல் துறைகளை நாடலாம். கோவையிலுள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல உலர்தாவரத் தொகுப்பில் ஒப்பிடத் தமிழ்நாடெங்கும் சேகரித்த தாள்கள் உண்டு.

கீரையாகச் சமைக்கும் முன்

வள்ளலார் கரிசலாங்கண்ணியை உயர்த்திச் சொன்னதால் சென்னையில் இதற்கு எப்போதும் தேவை உண்டு; தேவை இருக்கும் இடத்தில் மாற்றுச் செடியும் வரும். கட்டு வாங்கும்போது பூவைத் தேட வேண்டாம், பெரும்பாலும் இருக்காது. இலை விளிம்பைப் பாருங்கள், விரலால் தடவுங்கள். கட்டில் ஒரே ஒரு இலை மூன்று மடலாக இருந்தாலும் முழுக் கட்டையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சிங்கப்பூர் டெய்சி நம் ஊர்க் கீரை அல்ல. அழகுக்கு வைத்த தரைமூடி. இலை சரியாகவே இருந்தாலும் சாக்கடையோரம் வளர்ந்த வெள்ளைக் கரிசாலையைப் பறித்துச் சமைக்காதீர்கள், கழிவுநீரில் வருவதையெல்லாம் அது உறிஞ்சியிருக்கும்.

வீட்டுத் தொட்டியில் மஞ்சள் கரிசாலையையும் சிங்கப்பூர் டெய்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வளர்க்கவும் வேண்டாம். தென் சீனாவில் இவ்விரண்டும் கலந்து பிறந்த கலப்பினம் பதிவாகியிருக்கிறது. அப்படி ஒன்று முளைத்தால் மேலே சொன்ன திறவுகோலின் ஐந்தாம் எண் கைகொடுக்காது. அதற்கு முன்பே சிங்கப்பூர் டெய்சியின் கொடி தொட்டி விளிம்பைத் தாண்டி, கரிசாலை மண்ணில் கணு வேர் விட்டிருக்கும். பிடுங்கும்போது கணுவோடு முழுக்க எடுத்து, வெயிலில் நொறுங்கக் காயவைத்த பிறகே குப்பைக்கோ உரக்குழிக்கோ போடுங்கள். பச்சையாக வீசிய ஒரு கணுத்துண்டு போதும், மறுபடி தழைக்க.